உங்கள் போன், உங்கள் பெயரில்



கடந்த மாதம் வட்டக்கச்சியில் ஒரு மாதர் சங்கக் கூட்டம். அறுவடை முடிந்த கையோடு வைத்ததால் வந்தவர்களின் தொகையும் நன்றாகவே இருந்தது. சேமிப்புக் கணக்குப் பார்த்து, தேநீரும் குடித்து, எழும்பும் நேரத்தில் ஒரு அம்மா தன் பைக்குள் இருந்து ஒரு பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பிய புதுக் கைத்தொலைபேசி. மேலே சுற்றியிருந்த மெல்லிய உறைகூடக் கிழிக்கப்படவில்லை. வந்து மூன்று கிழமையாம்.

“ஏனம்மா இன்னும் திறக்கேல்லை?” என்று கேட்டேன்.

“பிழையாத் தொட்டா என்னவும் ஆகிடுமோ எண்டு பயம் பிள்ளை.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் எனக்கு அந்தப் பயம் புதிதாகத் தெரியவில்லை. மீள்குடியேறி வந்த நாட்களில், தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, கிட்டப் போகாதே, உரியவர்களுக்கு அறிவி என்று பாடசாலையிலும் கோயில் முன்றலிலும் வைத்து நமக்குச் சொல்லித் தந்தார்கள். மிதிவெடி பற்றிய அந்தப் பாடத்தைப் படித்த கைகள் அல்லவா இவை? இந்தப் போன் வெடிக்கும் பொருள் அல்ல. எந்தப் பட்டனை அழுத்தினாலும் திரும்பி வரலாம். ஆனால் அந்தப் பழைய பாடம் போன் விடயத்திலும் ஓரிடத்தில் தேவைப்படும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989 இல் ஆரம்பித்தது. தெற்காசியாவிலேயே முதல் நாடு நாங்கள்தான். அந்தப் பெருமை கொழும்புக்கு உரியது. வன்னிப் பெருநிலப்பரப்பில் சாதாரண வீடுகளுக்குக் கைத்தொலைபேசி வந்தது 2009 இல் போர் முடிந்து, மக்கள் முகாம்களில் இருந்து திரும்பிய பிறகுதான். அதற்கு முன்னர் பிரிந்த உறவுக்குச் செய்தி சொல்லச் செஞ்சிலுவைக் குழுவின் அந்தத் திறந்த தாள்தான் பலருக்கு வழி. யார் யாரோ வாசிக்கக்கூடிய தாளில் “நாங்கள் நலம், நீங்கள் நலமா” என்பதற்கு மேல் என்னத்தை எழுதுவது? ஆகவே ஊர் உலகத்துக்கு இருபது வருடம் பிந்தித்தான் இந்தப் பொருள் நம் கைக்கு வந்தது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் சிம் அட்டை. போனை விடச் சிம் முக்கியம் என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொல்வேன். போன் உடைந்தால் வேறு வாங்கலாம். இலக்கம் போனால் போனதுதான்.

எனக்குத் தெரிந்த இன்னொரு தாயின் கதை இது. மூத்த மகன் 2009 வைகாசிக்குப் பிறகு இல்லை. மீள்குடியேறி வந்த புதிதில் பக்கத்து வீட்டுத் தம்பி தன் அடையாள அட்டையைக் கொடுத்து ஒரு சிம் எடுத்துத் தந்தான். நல்ல மனதோடு செய்த உதவி. பத்து வருடத்துக்கு மேல் அந்த இலக்கத்தைத்தான் அவர் பாவித்தார். செஞ்சிலுவைக் குழுவுக்குக் கொடுத்த படிவம், ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாடு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் பதிந்த விண்ணப்பம், எல்லாவற்றிலும் அந்த இலக்கம்தான். ஒருநாள் சந்தைக்குப் போன இடத்தில் போன் தொலைந்தது. அதே இலக்கத்தில் புதுச் சிம் கேட்கப் போனார். சிம் யாருடைய பெயரில் உள்ளதோ அவர் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தம்பி எப்போதோ வெளிநாடு போய்விட்டான்.

“அவன் வந்தா இந்த நம்பருக்குத்தான் அடிப்பான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்” என்றார். மகனுக்கு அந்த இலக்கம் தெரியாது. சிம் எடுத்ததே அவன் போன பிறகுதான். அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு கிழமை ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிப் புது இலக்கத்தைப் பதிந்தோம்.

எனவே சிம்மை உங்கள் தேசிய அடையாள அட்டையைக் கொண்டுபோய், உங்கள் பெயரிலேயே எடுங்கள். மகன், மருமகன், கடைக்காரத் தம்பி யாரும் வேண்டாம். ஏற்கனவே வேறொருவர் பெயரில் இருந்தால், அவர் ஊரில் இருக்கும்போதே இருவருமாக உரிய நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். அதேபோல் உங்கள் அடையாள அட்டையில் வேறொருவருக்குச் சிம் எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். அந்தச் சிம்மால் யாரும் குற்றம் செய்தால் பொலிஸார் முதலில் வருவது உங்கள் வாசலுக்கு. நம் ஊரில் அது எப்படிப்பட்ட வருகை என்று நான் விளக்கத் தேவையில்லை.

இன்னுமொன்று. முற்கொடுப்பனவுச் சிம்மில் நீண்ட காலம் காசு போடாமல் விட்டால் இணைப்பைத் துண்டித்து, அதே இலக்கத்தைப் பிறகு வேறு ஆளுக்கும் கொடுத்துவிடுவார்கள். படிவங்களில் எழுதிக் கொடுத்த இலக்கம் என்றால், பாவிக்காவிட்டாலும் இடையிடையே சிறு தொகை றீலோட் செய்து அதை உயிரோடு வைத்திருங்கள்.

சிம் வரும் பிளாஸ்ரிக் அட்டையைப் பலர் எறிந்துவிடுகிறார்கள். அதில் ‘பக்’ இலக்கம் என்று எட்டு எண்கள் இருக்கும். சிம்முக்கு இரகசிய எண் போட்டிருக்கும்போது பிள்ளைகள் விளையாட்டாக மூன்று தரம் பிழையாக அழுத்தினால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க இந்த எண் வேண்டும். இதையும் பத்துத் தரம் பிழையாகப் போட்டால் சிம் முடிந்தது. இடம்பெயர்வுகளில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம் எல்லாம் கட்டிக் கொண்டு ஓடினோமே, அந்தப் பை இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. இந்த அட்டையும் அதற்குள் போகட்டும்.

போனைப் புதிதாகவே வாங்க எல்லோருக்கும் வசதி இராது. பாவித்த போன் வாங்குவதானால் பெட்டியும் பற்றுச்சீட்டும் கேளுங்கள். *#06# என்று அழுத்தினால் திரையில் 15 எண்கள் தோன்றும். அது அந்தப் போனின் அடையாள இலக்கம். பெட்டியில் உள்ளதும் இதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு செய்யாத புதிய போன்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் இணைப்புக் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே வெளிநாட்டில் இருந்து யாரும் அனுப்புவதாகச் சொன்னால் முதலில் அந்த விதிமுறையைக் கேட்டறியச் சொல்லுங்கள். உங்கள் போனின் 15 எண்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைந்தால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க அதுதான் தேவை.

அந்தக் கொப்பியிலேயே முக்கியமான இலக்கங்களையும் எழுதுங்கள். போனுக்குள் இருக்கிறது தானே என்று விடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து பழகியவர்கள் நாங்கள்.

எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் அந்த ஆளின் முகத்தைப் படமாகப் போட்டுக் கொடுக்கலாம். சாதாரண பட்டன் போன் என்றால் 2 ஐ அமத்திப் பிடித்தால் மகள், 3 ஐ அமத்திப் பிடித்தால் சங்கத் தலைவி என்று வைக்கலாம். ஷெல் சத்தத்தில் காது பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் அதிர்வை இயக்கிச் சட்டைப் பையில் வைத்தால் அழைப்பு வருவது தெரியும். குறுந்தகவலும் அவர்களுக்கு நல்ல வழி. ஒரு கை இழந்தவர்கள் ஒலிபெருக்கியில் போட்டுக் கதைக்கலாம். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி ரச் போன்களில் இருக்கிறது. செட்டிங்ஸில் போய்த் தமிழ் மொழியைத் தெரிவு செய்யலாம் என்பதே பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு இன்றும் கவலை.

சார்ஜ் போடுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மலிவுச் சார்ஜர் வேண்டாம், தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போட வேண்டாம், பற்றரி வீங்கினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மின்னல் முழக்கம் என்றால் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். வயலுக்குக் கொண்டு போகும்போது ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டால் போதும்.

இனி, அந்த மிதிவெடிப் பாடம் தேவைப்படும் இடத்துக்கு வருகிறேன்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களிடம், “உங்கள் பிள்ளை இருக்கிறார், தகவல் தருகிறோம்” என்று சொல்லிக் காசு பறித்தவர்களைப் பற்றிப் பல தாய்மார் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்கள். முன்னர் ஆளாக வாசலில் வந்து நின்று கேட்டார்கள். இப்போது போனில் வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி அழைப்பு வந்தது. ஐம்பதாயிரம் கேட்டிருக்கிறான். இருபதாயிரத்தைக் கடன்பட்டுப் போட்டுவிட்டார்.

“என்ர மகன்ர பேரைச் சொன்னவன். காலில இருந்த காயத்தையும் சொன்னவன் பிள்ளை. நான் எப்பிடி நம்பாம இருக்கிறது?”

அவரை ஏசியவர்கள் இருந்தார்கள். எனக்கு ஏச மனம் வரவில்லை. அந்த அழைப்பை நம்பாமல் இருக்க எந்தத் தாயால் முடியும்? ஆனால் அவனுக்கு அந்தக் காயம் எப்படித் தெரிந்தது என்று தேடிப் பார்த்தோம். உறவுக்காரப் பெடியன் ஒருவன், நல்ல எண்ணத்தில், மகனின் படத்தை முகநூலில் போட்டு, பெயர், வயது, கால் காயம், தாயின் இலக்கம் எல்லாவற்றையும் எழுதியிருந்தான். யாரும் வாசிக்கலாம், யாரும் அழைக்கலாம்.

ஆகவே முகநூலில் படம் போடுவதானால் உங்கள் இலக்கத்தைப் போடவேண்டாம். உடலில் உள்ள அடையாளங்களில் ஒன்றையாவது வெளியில் சொல்லாமல் உங்களோடு வைத்திருங்கள். யாராவது தகவல் என்று அழைத்தால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள். காசு என்று ஒரு சொல் வந்தால் அழைப்பைத் துண்டித்து, இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி, சங்கத்துக்கோ எங்களுக்கோ சொல்லுங்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் மீது நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் நம்மில் இருக்கிறார்கள். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் இருந்த தாய்மாரைக் கேட்டால் அதன் காரணம் தெரியும். அது வேறு கதை. ஆனால் அந்த அலுவலகமோ செஞ்சிலுவைக் குழுவோ தகவலுக்குக் காசு கேட்பதில்லை. கேட்பவன் அவர்களின் பெயரைப் பாவிக்கும் கள்ளன்.

மற்ற மோசடிகளும் இதே அச்சில் வருகின்றன. குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது, எடுக்க முதலில் இவ்வளவு அனுப்புங்கள் என்பார்கள். வெளிநாட்டில் இருந்து பார்சல் வந்து சுங்கத்தில் நிற்கிறது, இந்தக் கணக்கில் போடுங்கள் என்பார்கள். அஸ்வெசும பணம் எடுக்க இதை அழுத்துங்கள் என்று நீல நிற எழுத்தில் ஒரு வரி வரும். தெரியாத பொருள். தொடாதே, கிட்டப் போகாதே, அறிவி.

இதில் நான் அதிகம் பயப்படுவது அந்த ஆறு எண்களுக்கு. வட்ஸ்அப் இலக்கத்தைப் புதுப் போனில் போடும்போதும், வங்கி அலுவல்களிலும், உங்கள் போனுக்கு ஆறு எண்கள் கொண்ட குறுந்தகவல் வரும். ஓ.ரி.பி என்பார்கள். உங்கள் வீட்டுத் திறப்பு அது. “அக்கா, என்ர நம்பர் பிழையா உங்களுக்கு வந்திட்டுது, ஒருக்கா அனுப்பி விடுங்கோ” என்று தெரிந்த ஒருவரின் பெயரிலேயே செய்தி வரும். அந்த ஆளின் வட்ஸ்அப் ஏற்கனவே பறிபோயிருக்கும். நீங்கள் அனுப்பினால் அடுத்தது உங்களுடையது. பிறகு கனடாவில் இருக்கும் தம்பிக்கு உங்கள் பெயரில், “அவசரமாக் காசு வேணும்” என்று செய்தி போகும். அவரும் அனுப்புவார், அக்கா கேட்டால் அனுப்பாமல் விடுவாரா?

இதற்கு ஒரு காவல் இருக்கிறது. வட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. நீங்களே ஒரு ஆறு எண்களைத் தெரிந்து போட்டு வைக்கலாம். பிள்ளையின் பிறந்த திகதி வேண்டாம், அதை ஊரே அறியும். உறவுகளிடம் இருந்து காசு கேட்டுச் செய்தி வந்தால், எழுத்தில் பதில் போடாமல் குரலைக் கேட்டுப் பேசிவிட்டு அனுப்புங்கள் என்று அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

கடன் தரும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நுண்கடன்காரர் வாசலில் வந்து நின்ற காலம் நமக்கு மறக்கவில்லை. இவை அதைவிட மோசம். பதிவிறக்கும்போதே உங்கள் போனில் உள்ள எல்லா இலக்கங்களையும் எடுத்துக்கொள்ளும். தவணை பிந்தினால் உங்கள் அண்ணனுக்கும், பிள்ளையின் ஆசிரியைக்கும் அழைத்து உங்களை அவமானப்படுத்துவார்கள். கடன், வங்கி பற்றிய முறைப்பாடுகளுக்கு மத்திய வங்கியின் 1935 இருக்கிறது.

தனியாக இருக்கும் பெண்களுக்கு வரும் தொல்லை வேறு விதம். ஒரு மிஸ்ட் கோல். திருப்பி எடுத்தால் இனிமையான குரல். கதைக்க ஆள் இல்லாத வீட்டில் அந்தக் குரல் பெரிய ஆறுதல்தான், நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஆனால் படம் கேட்டால், காசு கேட்டால், யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால், அங்கே நிறுத்துங்கள். 2017 இல் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் றீலோட் கடைக்காரர்களே பெண்களின் இலக்கங்களை ஆண்களுக்கு விற்றது பத்திரிகைகளில் வெளிவந்தது. நம் ஊர்க் கடைகளிலும் இலக்கத்தைத் திறந்த கொப்பியில் எழுதச் சொல்கிறார்கள். பின்னால் வருபவர் யாரும் பார்க்கலாம். தெரிந்த கடையில் மட்டும் போடுங்கள், அல்லது எழுதாமல் வாயால் சொல்லிப் போடுவியுங்கள்.

படத்தை வைத்து யாரும் வெருட்டினால் செய்திகளை அழிக்காதீர்கள். அவை சாட்சி. வெட்கத்தில் அழித்துவிட்டு வருபவர்களுக்கு உதவுவது மிகக் கடினமாக இருக்கிறது. பெண்களுக்கான உதவி அழைப்பு 1938. இணைய வழிக் குற்றங்களுக்கு 101. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவில் பேசலாம். தனியே போகப் பயம் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருவோம்.

இவ்வளவையும் வாசித்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப மூடிவிடாதீர்கள்! சுகவீனம், பாம்புக்கடி, பிரசவ வலி என்றால் 1990 க்கு அடியுங்கள். இலவச அம்புலன்ஸ். வட மாகாணத்தில் 2018 ஆடியில் இருந்து ஓடுகிறது. கச்சானில் பூச்சி, நெல்லில் நோய் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 உண்டு. விற்கும் முன் கிளிநொச்சிச் சந்தையிலும் தம்புள்ளையிலும் என்ன விலை என்று இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு வியாபாரியோடு பேசுங்கள். வங்காளதேசத்தில் 1997 இல் கிராமத்துப் பெண்கள் கடன் எடுத்து ஒரு போன் வாங்கி, ஊராருக்கு நிமிடக் கணக்கில் கதைக்கக் கொடுத்து அதையே தொழிலாகச் செய்தார்கள்.

உங்களிடம் பிள்ளையின், கணவரின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால், நல்ல வெளிச்சத்தில் வைத்துப் போனில் அதைப் படம் எடுங்கள். எடுத்து உங்கள் போனில் மட்டும் வைக்காமல் நம்பிக்கையான இருவருக்கு அனுப்பி வையுங்கள். கறையான் அரித்து, மழையில் ஊறி, ஓரம் கரைந்துபோன எத்தனை படங்களை வீடுகளில் கண்டிருக்கிறேன்.

வட்டக்கச்சி அம்மாவின் பெட்டியை அன்றைக்கே திறந்தோம். சிம் அவரின் பெயரிலேயே எடுத்தார். தமிழ் வைத்து, பூட்டு எண் போட்டு, அழைப்பு எடுக்கவும் துண்டிக்கவும் அவர் பத்துத் தரம் பழகினார். என் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அன்று இரவு எட்டரை மணிக்கு அழைப்பு வந்தது. ஏதும் பிரச்சினையோ என்று பதறி எடுத்தேன்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. தனியப் போட்டு எடுக்க வருகுதோ எண்டு பாத்தனான். இனி மகளுக்கு எடுக்கப் போறன், வைக்கிறன்.”